இலையுதிர் காலத்தின் கடைசி இலைகள்: பொறுக்குவது முதல் ஏட்டில் ஒட்டுவது வரை முழுமையான வழிகாட்டி

இலையுதிர் காலம் முடியப்போகும் வாரங்களில், பகலில் ஒரு மணி நேரம் மரங்களடியில் நடந்து இலை பொறுக்குவதும், சீக்கிரமே இருட்டிவிடும் மாலையில் மேசை விளக்கின் கீழ் அவற்றை ஒவ்வொன்றாகத் தாளுக்கிடையே விரித்து வைப்பதும் செலவில்லாத, எந்த வயதினருக்கும் இயலக்கூடிய இன்பங்கள். ஆயினும், புதிதாகத் தொடங்குகிறவர்களில் பலர் இரண்டு வாரம் கழித்துத் தாளைத் திறக்கும்போது கறுத்த, சுருங்கிய, சில வேளைகளில் பூஞ்சணம் பூத்த இலைகளையே பார்க்கிறார்கள். பெரும்பாலும் வேலையின் வரிசை தவறியதே இதற்குக் காரணம். வீட்டில் தாளும் அட்டையும் எடுத்து வைக்காமலே வெளியே போய்விடுகிறார்கள். பொறுக்கிய இலை பையிலேயே ஓர் இரவு கிடக்கிறது. மறுநாள் அவசரமாக ஒரு தடித்த புத்தகத்துக்குள் செருகப்பட்டு மறக்கப்படுகிறது. கீழே உள்ள படிகளை எழுதிய வரிசையிலேயே செய்தால் இந்த ஏமாற்றத்தைத் தவிர்க்கலாம்.

1. காலமும் நேரமும்

வட கோளத்தின் மிதவெப்ப நாடுகளில் அக்டோபர் இறுதி முதல் நவம்பர் வரையும், தென் கோளத்தில் ஏப்ரல் இறுதி முதல் மே வரையும் இந்த வேலைக்கு உரிய காலம். நிறங்கள் உச்சத்தில் இருக்கும் நாட்களைவிட, அதற்குச் சற்றுப் பின்னர் வரும் நாட்களையே நான் விரும்புகிறேன். மேப்பிள் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டிருக்கும். ஓக்கும் பீச்சும் (beech) இன்னும் இலை தாங்கியிருக்கும். மரத்தில் மீதமிருப்பவை குறைந்துவிட்டதால் கண் ஒவ்வோர் இலையிலும் நின்று பார்க்கும்.

மழை பெய்யாத இரண்டு நாட்களுக்குப் பிறகு, பனி ஈரம் காய்ந்த நண்பகலில் புறப்படுவது நல்லது. இலையின் மேல் ஒட்டிய ஈரம் தாளை நனைத்து, உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறுவதைத் தாமதப்படுத்துகிறது. கடுமையான உறைபனி விழுந்த மறுநாள் மரத்தில் நிற்கும் இலைகளையும் தவிர்க்க வேண்டும். உள்ளே நீர் உறையும்போது செல்கள் சிதைந்துவிடுவதால், அந்த இலைகள் துவண்டு, அழுத்தத்தில் வைத்ததும் கறுத்துப்போகின்றன.

கிங்கோ மரம் அருகில் இருந்தால் அதை மட்டும் நாள்தோறும் கவனித்துவாருங்கள். கடும் குளிர் ஒன்று தாக்கியதும் அது தன் மஞ்சள் இலைகளை ஒரே நாளில்கூடக் கொட்டிவிடும். கொட்டிய அன்றே பொறுக்கினால்தான் விசிறி வடிவம் மடங்காமல் கிடைக்கும். பெண் மரத்தின் சதைப்பற்றான விதைகள் கடும் நாற்றம் உடையவை; சிலருக்குத் தோல் அரிப்பையும் தரும். அவற்றைக் கையால் தொடாமல் இலையை மட்டும் எடுங்கள்.

2. புறப்படும் முன் வீட்டில் எடுத்து வைக்க வேண்டியவை

இந்தப் படியைத்தான் பெரும்பாலோர் தாண்டிப் போகிறார்கள். பொறுக்கிய இலை அன்று மாலைக்குள் தாளுக்கிடையே போக வேண்டும் என்பதால், அடுக்குவதற்குரியவை எல்லாம் மேசைமேல் தயாராக இருந்த பிறகே வாசலைத் தாண்ட வேண்டும்.

தேவைப்படுபவை: ஒரே அளவில் வெட்டிய நெளி அட்டைகள், பழைய செய்தித்தாள்கள், மை ஒற்றும் தாள் அல்லது அச்சிடாத மெல்லிய வெள்ளைத் தாள், இரண்டு ஒட்டுப்பலகைகள், அவற்றை இறுக்கிக் கட்ட இரண்டு வார்ப்பட்டைகள். தாவரவியலார் பயன்படுத்தும் அழுத்துப்பலகை ஏறக்குறைய 30 செ.மீ. அகலமும் 45 செ.மீ. நீளமும் உடையது, வீட்டுக்கு அதில் பாதி அளவே போதும். பலகை கிடைக்காவிட்டால் தட்டையான ஒரு பெரிய அட்டையும், மேலே வைக்க நான்கைந்து கனத்த புத்தகங்களும் போதுமானவை.

தாளைத் தேர்ந்தெடுப்பதில் இரண்டு தவறுகள் அடிக்கடி நேர்கின்றன. வழவழப்பான பத்திரிகைத் தாள் மேற்பூச்சு உடையது, ஈரத்தை உறிஞ்சாது. சமையலறைத் துடைப்புத் தாள் நன்றாக உறிஞ்சினாலும், அதன் புடைப்புக் கோலம் இலைமேல் பதிந்து, காய்ந்த பிறகு போகாமல் நிற்கும்.

வெளியே எடுத்துச் செல்ல, பழைய கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்று, ஒரு பென்சில், சில துண்டுக் காகிதங்கள் இருந்தால் போதும். பிளாஸ்டிக் பை வேண்டாம். மூடிய பைக்குள் இலைகள் வெளியிடும் ஈரம் அவற்றின் மேலேயே படிந்து, வீடு வருவதற்குள் விளிம்புகள் சுருண்டுவிடுகின்றன.

3. எந்த இலையை எடுப்பது, எதை விடுவது

இலை நிறம் மாறும் முறையைக் கொஞ்சம் அறிந்துகொண்டால் தேர்வு எளிதாகிறது. பகல் குறுகிக் குளிர் கூடும்போது பச்சையம் சிதைகிறது. அதுவரை பச்சையத்தால் மறைந்திருந்த கரோட்டினாய்டுகள் மஞ்சளாகவும் ஆரஞ்சாகவும் வெளிப்படுகின்றன. சிவப்பைத் தரும் ஆந்தோசயனின் மட்டும் பெரும்பாலும் அந்தப் பருவத்திலேயே புதிதாக உண்டாவது. அதற்கு வெயில் தேவை. அதனால்தான் ஒரே மரத்தில் வெயில் பட்ட பக்கம் சிவந்தும், நிழல் பக்கம் மஞ்சளாகவும் நிற்கிறது. இரண்டும் போனபின் மீந்து நிற்கும் பழுப்பு, டானின் என்னும் துவர்ப்புப் பொருளுடையது.

இதிலிருந்து நடைமுறைக்கு உதவும் மூன்று முடிவுகள் கிடைக்கின்றன. மஞ்சள் இலை அழுத்தத்தில் தன் நிறத்தைப் பெரும்பாலும் காத்துக்கொள்ளும். சிவப்பு இலை ஒரு படி கருமையாகும் என்று எதிர்பார்த்து, கண்ணுக்குச் சற்று வெளிறித் தோன்றும் சிவப்பையே எடுக்க வேண்டும். முழுப் பழுப்பு இலை இனி மாறப்போவதில்லை. ஆனால் அது ஏற்கெனவே காய்ந்து நொறுங்கும் நிலையில் இருந்தால் தட்டையாக விரியாது. எனவே காம்பை வளைத்துப் பாருங்கள். முறியாமல் வளைந்தால் எடுக்கலாம்.

குறையில்லாத இலைகளை மட்டுமே தேடுவது புதியவர்களின் இயல்பு. இதில் நான் வேறுபடுகிறேன். மேப்பிள் இலையில் தார் சொட்டியதுபோல் தெரியும் கரும்புள்ளிகள் ஒரு பூஞ்சையால் உண்டாகின்றன. மரத்துக்குப் பெரிய கேடு செய்வதில்லை. அழுத்திய பிறகு மஞ்சள் பரப்பில் அவை மிக அழகாக நிற்கும். புழு அரித்து நரம்பு மட்டும் எஞ்சிய இலையும் அப்படியே. ஈரமாக மக்கத் தொடங்கி, விரலில் வழுவழுப்பாக ஒட்டும் இலையை மட்டும் விட்டுவிட வேண்டும். ஒன்று போதும், பக்கத்தில் இருப்பவற்றுக்கும் பூஞ்சணம் பரவிவிடும்.

எடுக்கும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள். ஓக் இலையின் அடிப்புறத்தில் சில மில்லிமீட்டர் அகலமே உள்ள, நடுவில் சிறு மேடு கொண்ட வட்டத் தட்டுகள் வரிசையாக ஒட்டியிருப்பதைக் காணலாம். ஒவ்வொன்றும் ஒரு நுண்ணிய குளவியின் கூடு. உள்ளே புழு இருக்கும். இலையுதிர் காலத்தில் தரையில் விழுந்து, சருகின் மறைவில் குளிர்காலத்தைக் கழித்து, வசந்தத்தில் வெளிவரும். அந்த இலை அங்கேயே இருக்கட்டும். சுருட்டி நூலால் பின்னிய இலைகளுக்குள் பட்டுப்பூச்சி இனங்களின் கூடுகள் இருக்கக்கூடும். அவற்றையும் தொட வேண்டாம். ஒரே இடத்துச் சருகை மொத்தமாக வாரி எடுக்காமல், நடந்துகொண்டே இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பொறுக்குவதன் காரணமும் இதுவே. காப்புக் காடுகளிலும் தேசியப் பூங்காக்களிலும் உதிர்ந்த இலையை எடுப்பதற்கும் தடை இருக்கலாம், முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

எச்சரிக்கை ஒன்று. வட அமெரிக்காவில் நடப்பவர்கள், மூன்று சிற்றிலைகளாகச் சேர்ந்து பளிச்சென்று சிவந்து நிற்கும் நச்சுப் படர்கொடியை, அதாவது பாய்சன் ஐவியை, முதலிலேயே அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். அதன் பிசினில் உள்ள உருஷியால் தோலில் கொப்புளம் உண்டாக்கும். இலை காய்ந்த பிறகும் அந்த வீரியம் போகாது. பெயர் தெரியாத கொடியின் இலையை, எவ்வளவு அழகாக இருந்தாலும், எடுக்காதிருப்பதே சரி. குதிரை வளர்ப்பவர்களும் கவனிக்க வேண்டியது உண்டு: வாடிய சிவப்பு மேப்பிள் இலை குதிரைகளுக்கு நஞ்சு, கொண்டுவந்ததைக் கொட்டிலருகே கொட்டக் கூடாது.

பொறுக்கியதும் இலையைக் கையிலுள்ள புத்தகத்தில் வைத்து, மரத்தின் பெயர், தேதி, இடம் ஆகியவற்றைத் துண்டுக் காகிதத்தில் பென்சிலால் எழுதி அதனோடு சேர்த்து வையுங்கள். வீட்டுக்கு வந்து எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால், இரண்டு மரங்களின் இலைகள் கலந்த பிறகு பிரித்தறிவது கடினம்.

4. வீட்டுக்கு வந்த முதல் அரை மணி நேரம்

இலைகளைப் பருத்தித் துணியின் மேல் ஒற்றை வரிசையாகப் பரப்பி, மென்மையான தூரிகையால் மண்ணைத் துடையுங்கள். கழுவ வேண்டாம். ஆந்தோசயனின் நீரில் கரையக்கூடியது; சேதமடைந்த சிவப்பு இலையை நனைத்தால் சாயம் கசியும். மேலே ஈரம் இருந்தால் துணியால் ஒற்றி, பத்து நிமிடம் காற்றில் விடுவது போதும்.

பிறகு தடிமன்படி மூன்றாகப் பிரியுங்கள்: மெல்லியவை, நடுத்தரம், தோல்போல் தடித்தவை. இந்தச் சிறு வேலையைத் தவறவிட்டால் அடுத்த படி முழுவதும் கெடும். ஒரே தாளில் தடித்த இலையும் மெல்லிய இலையும் இருந்தால், தடித்ததே பாரம் முழுவதையும் தாங்கி நிற்கும்; மெல்லியது அழுத்தம் கிடைக்காமல் சுருங்கும். மேப்பிளின் தடித்த காம்பும் அப்படித்தான். காம்பின் அடிப்பகுதி குமிழாகப் பருத்திருக்கும். அதன் பின்பக்கத்தைக் கூர்மையான கத்தியால் மெல்லச் சீவிவிட்டால் இலை பலகையோடு படியும்.

5. அடுக்குவதும் அழுத்துவதும்

அடியிலிருந்து வரிசை இது: பலகை, நெளி அட்டை, நான்கைந்து மடிப்புச் செய்தித்தாள், வெள்ளைத் தாள், இலைகள், மறுபடி வெள்ளைத் தாள், செய்தித்தாள், நெளி அட்டை. இதே வரிசையைத் தொடர்ந்து, கடைசியில் மேல் பலகை. நெளி அட்டையின் உள்ளே இருக்கும் குழல் போன்ற இடைவெளிகள் வழியாகக் காற்று நுழைந்து ஈரத்தை வெளியே கொண்டுபோகிறது. ஆகவே எல்லா அட்டைகளின் குழல்களும் ஒரே திசையில், அடுக்கின் குட்டையான பக்கத்துக்கு இணையாக ஓட வேண்டும். அட்டை இல்லாமல் வெறும் தாளாக அடுக்கினால் நடுவில் உள்ள இலைகள்தான் முதலில் பூஞ்சணம் பிடிக்கும்.

இலைகள் ஒன்றையொன்று தொடக் கூடாது. விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் அந்த இடத்தில் காற்றுப்படாமல் கரும்பட்டை விழும். சில இலைகளை முன்புறம் மேலாகவும், சிலவற்றை அடிப்புறம் மேலாகவும் வையுங்கள். அடிப்புறத்து நரம்புகள் புடைத்துத் தெரியும் அழகு பலருக்கு ஏட்டில் ஒட்டிய பிறகே நினைவுக்கு வருகிறது. மடிந்த மடலை விரல் நுனியால் நீவி விரித்து, மேல் தாளைப் போடும் வரை அழுத்திப் பிடித்திருங்கள். காய்ந்த பின் எந்த மடிப்பையும் நிமிர்த்த முடியாது, ஆகவே இந்த ஒரு நிமிடத்தில் அவசரப்படக் கூடாது.

அடுக்கை வார்ப்பட்டையால் இறுக்கி, அடுப்பிலிருந்தும் வெயிலிலிருந்தும் விலகிய, காற்றோட்டமுள்ள உலர்ந்த அறையில் வையுங்கள். குளிர்ந்த நிலவறை உகந்ததல்ல. வெப்பம் ஊட்டிய அறையின் வறண்ட காற்று இந்த வேலைக்குப் பெரிய துணை.

6. முதல் நான்கு நாட்கள்

மொத்த வேலையில் பலனை முடிவு செய்வது இந்தப் படிதான். இலையிலுள்ள ஈரத்தில் பெரும்பகுதி முதல் சில நாட்களிலேயே தாளுக்கு வந்துவிடுகிறது. நனைந்த தாளை அங்கேயே விட்டால் இலை தன் ஈரத்திலேயே கிடந்து பழுப்பாகிறது. வேகமாகக் காயும் இலை நிறத்தைக் காக்கிறது, மெதுவாகக் காயும் இலை இழக்கிறது. இதை மனத்தில் நிறுத்தினால் மற்றவை தாமாகவே விளங்கும்.

முதல் நாள் மாலை வைத்தவற்றை மறுநாள் மாலை திறந்து, செய்தித்தாள்களை மட்டும் மாற்றுங்கள். இலை ஒட்டியிருக்கும் வெள்ளைத் தாளைப் பிரிக்காமல் அப்படியே தூக்கிப் புதிய செய்தித்தாளின் மேல் வைக்க வேண்டும். ஈர இலையைப் பிரித்தால் அது சுருண்டுகொள்ளும். இப்படி நான்கு நாள் தினமும், அதன் பிறகு இரண்டு நாளுக்கு ஒரு முறை மாற்றினால் போதும். கழற்றிய தாள்களைக் கொடியில் காயப்போட்டு மீண்டும் பயன்படுத்தலாம். ஒவ்வொரு முறையும் வார்ப்பட்டையைச் சற்றுக் கூடுதலாக இறுக்குங்கள், ஏனெனில் இலைகள் காயக் காய அடுக்கு தாழ்ந்து அழுத்தம் தளர்கிறது.

மெல்லிய இலைகளுக்கு ஒரு வாரம் முதல் பத்து நாள் வரையும், தடித்தவற்றுக்கு இரண்டு வாரத்துக்கு மேலும் ஆகலாம்.

இஸ்திரிப் பெட்டியால் உடனே காயவைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆகும், இரண்டு பருத்தித் துணிகளுக்கிடையே இலையை வைத்து, நீராவியின்றிக் குறைந்த சூட்டில், பத்து விநாடி அழுத்தி, ஆறவிட்டு மறுபடி அழுத்த வேண்டும். சூடு கூடினால் நரம்போரம் கருகும். குழந்தைகள் அன்றே பார்க்க ஆசைப்படும் ஓரிரண்டு இலைகளுக்கு அந்த முறை போதும்; சேகரிப்புக்கு அழுத்தமே நல்லது. மைக்ரோவேவ் அடுப்பில் வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன், காய்ந்த இலை நொடியில் தீப்பற்றக்கூடியது.

7. காய்ந்துவிட்டதா என்று அறிவது

இலையைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ச்சி தட்டினால் உள்ளே இன்னும் ஈரம் ஆவியாகிக்கொண்டிருக்கிறது. அறையின் சூட்டோடு ஒத்திருந்தால் காய்ந்துவிட்டது. காம்பைப் பிடித்துக் கிடையாகத் தூக்கினால் தொங்காமல் அட்டைபோல் நிற்க வேண்டும். காம்பும் நடுநரம்பும்தான் கடைசியாகக் காய்பவை, ஆகவே அவற்றைத் தொட்டு முடிவு செய்யுங்கள்.

8. பூச்சி நீக்கம்

காய்ந்த இலைகளை ஒட்டும் முன், காற்றுப் புகாத பையில் இட்டு −18 பாகை செல்சியஸ் உறைபெட்டியில் இரண்டு வாரம் வைப்பது, கண்ணுக்குத் தெரியாத முட்டைகளையும் சிறு பூச்சிகளையும் அழிக்க உதவும். முழுமையாகக் காய்ந்த பிறகே இதைச் செய்ய வேண்டும். ஈர இலை உறைந்தால் சிதையும். வெளியே எடுத்ததும் பையைத் திறந்துவிடாதீர்கள். அறை வெப்பத்துக்கு வரும்வரை மூடியே வைத்தால், காற்றின் ஈரம் பையின் வெளிப்புறத்தில் படியும்; உடனே திறந்தால் இலைமேல் படிந்து இரண்டு வார உழைப்பையும் வீணாக்கும்.

9. தேன்மெழுகு பூசுவது

சன்னலோரத்தில் நூலில் தொங்கவிடவோ மேசையில் பரப்பவோ எண்ணும் இலைகளுக்கு மட்டும் இந்தப் படி. ஏட்டில் ஒட்டுபவற்றுக்கு மெழுகு வேண்டாம், பசை பிடிக்காது.

தேன்மெழுகு ஏறத்தாழ 62 முதல் 64 பாகை செல்சியஸில் உருகும். அதை நேரடித் தீயில் வைக்கவே கூடாது. கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரத்தை வைத்து உருக்க வேண்டும். நீரின் சூடு நூறு பாகையைத் தாண்டாது என்பதால் மெழுகு தீப்பற்றும் நிலைக்குப் போகாது. பக்கத்தில் பெரியவர் ஒருவர் எப்போதும் நிற்க வேண்டும். தப்பித்தவறிப் பற்றிக்கொண்டால் அடுப்பை அணைத்து, தட்டால் மூடுங்கள். தண்ணீர் ஊற்றினால் எரியும் மெழுகு தெறித்துப் பரவும்.

காம்பைப் பிடித்து இலையை ஒரு முறை முக்கி, உடனே எடுத்து, சொட்டுகளை உதறி, கம்பியில் தொங்கவிடுங்கள். பூச்சு வெண்மையாகத் திரண்டு நின்றால் மெழுகின் சூடு போதவில்லை. முக்கியதும் குமிழிகள் பொங்கினால் இலையில் ஈரம் மிச்சமிருக்கிறது.

10. கிளையோடு வேண்டுமானால்

கிளிசரின் ஒரு பங்கும் வெந்நீர் இரண்டு பங்கும் கலந்த நீரில், அடித்தண்டைப் பிளந்த கிளையை நிறுத்தினால், இலைகள் அந்தக் கலவையை உறிஞ்சி, வளைந்தாலும் உடையாத நிலைக்கு வரும். ஆனால் நிறம் மாறிய கிளைக்கு இது பயன்படாது. உதிரத் தயாரான இலையின் காம்படியில் தக்கைபோன்ற அடுக்கு உருவாகி நீரோட்டத்தை அடைத்திருக்கும். ஆகவே பருவத்தின் கடைசியில் மக்னோலியா, ஐவி (பாய்சன் ஐவி அல்ல) போன்ற பசுமை மாறாச் செடிகளுக்கே இதைச் செய்யலாம். இலையின் நிறம் ஒரே சீராகப் பழுப்பேற இரண்டு முதல் ஆறு வாரம் பிடிக்கும்.

11. ஏட்டில் ஒட்டுவது

செய்தித்தாளில் உள்ள அமிலம் காலப்போக்கில் தாளையும் இலையையும் மஞ்சளாக்கும். அது காயவைக்க உதவுமே தவிர, சேமித்து வைக்க உதவாது. அமிலமற்ற கெட்டித் தாளில் ஏட்டைத் தொடங்குங்கள்.

இலை முழுவதும் பசை தடவுவது பரவலான தவறு. பசையின் ஈரத்தால் இலை விரிந்து, காயும்போது தாளையும் சேர்த்து இழுத்துக் கோணலாக்கும். நடுநரம்பின் அடியில் நீர் குறைந்த வெள்ளைப் பசையை மூன்று நான்கு புள்ளிகளாக வைத்தால் போதும். அல்லது பசையே இல்லாமல், காம்பின் குறுக்கேயும் நுனியருகேயும் மெல்லிய தாள் பட்டைகளை ஒட்டலாம். பிறகு இலையை எடுத்துப் பார்க்கவும் இது வசதி. ஒளிபுகும் ஒட்டுநாடா சில ஆண்டுகளில் மஞ்சளேறிப் பிசுபிசுக்கும். ஒட்டிய பக்கத்தை மெழுகுத் தாளால் மூடி, ஓர் இரவு பாரம் வையுங்கள்.

துண்டுக் காகிதக் குறிப்பைப் பென்சிலாலேயே கீழ் வலது மூலையில் எழுதுங்கள். மரத்தின் பெயர், இடம், தேதி ஆகியவற்றோடு, அந்த நாளில் மரத்தில் எவ்வளவு இலை மிச்சம் இருந்தது என்று ஒரு வரி சேர்ப்பது என் வழக்கம். அதே மரத்தின் பக்கங்கள் ஆண்டுக்கு ஆண்டு சேரும்போது, எந்த ஆண்டு முந்தி உதிர்ந்தது, எந்த ஆண்டு பிந்தியது என்பது ஏட்டிலேயே தெரியவரும். பின்னர் பலமுறை எடுத்துப் படிப்பது அந்த வரியைத்தான்.

சட்டமிட்டுச் சுவரில் மாட்டுவதானால் நேர் வெயில் படாத சுவரைத் தேர்ந்தெடுங்கள். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி நிறம் மங்குவதைத் தாமதப்படுத்தும், முற்றிலும் நிறுத்தாது.

12. கோளாறும் காரணமும்

விளிம்பு அலையலையாக இருந்தால் பாரம் குறைவு, அல்லது தடித்த இலையோடு சேர்த்து வைத்திருக்கிறீர்கள். மேலே வெள்ளைப் பொடி படிந்தால் தாள் மாற்றத் தாமதமாகியிருக்கிறது. அந்த இலையையும் அது தொட்ட தாளையும் உடனே நீக்குங்கள், துடைத்துக் காப்பாற்ற முயல வேண்டாம். தாளோடு ஒட்டிக்கொண்ட இலையைப் பிய்க்காமல் இன்னும் மூன்று நாள் விட்டால், முழுதும் காய்ந்ததும் தானே விலகும். எல்லா இலைகளும் ஒருசேரப் பழுப்பாகியிருந்தால், பொறுக்கியதற்கும் அடுக்கியதற்கும் இடையில் நேரம் போய்விட்டிருக்கலாம், அல்லது அறையின் காற்று ஈரமாக இருந்திருக்கலாம்.

தேறாத இலைகளை, பூஞ்சணம் பிடித்தவை உட்பட, கையால் நொறுக்கி மரத்தடியிலோ உரக்குழியிலோ போட்டுவிடலாம். அவை மட்கி மண்ணோடு சேரும். பசை தடவியதையும் மெழுகு பூசியதையும் மட்டும் தனியே பிரித்து வையுங்கள்.